ஆண்டுகள் மட்டும் ஒலித்த வரலாறு



வரலாறு என்றவுடன் கோட்டை கொத்தளங்களையும் போர்க்களங்களையும் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போகும் வரலாறு இரண்டே எழுத்துகளைப் பற்றியது. அவை இரண்டும் ஆங்கில எழுத்துகள். தமிழில் அமைந்த ஓர் இணையப் பக்கத்தின் தலைவாயிலில், எழுதியவன் அறியாமலே வந்து அமர்ந்தவை.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் இல்லத்துக்குக் கோடை விடுமுறையில் என் பேரன் வந்திருந்தான். பதினோராம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் படிக்கின்றவன். 2018-இல் வெளிவந்த அந்தப் பாடநூலில் இணையப் பக்கம் எழுதும் முறை பற்றிப் பல பாடங்கள் இருக்கின்றன. ‘படித்தால் மட்டும் போதாது, எங்கள் வட்டாரத்தின் வரலாற்றை ஒரு பக்கமாக எழுதிக் காட்டு’ என்று பணித்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலவாசகங்கள் நூலாக அச்சேறிய 1929. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த 1948 மார்ச் 3. புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974 சனவரி 14. இவற்றோடு திருவரங்குளம் கோயிலின் படம் ஒன்று. பக்கம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

என்னோடு பல்லாண்டு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் அண்டை ஊரில் இருக்கின்றார். ‘புலவர்’ என்றே அவரை அழைப்போம். சர்க்கரை நோயினால் பார்வையை இழந்துவிட்டார். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் கருவியைக் கொண்டு கணிப்பொறியில் செய்தித்தாள் கேட்கின்றார். அவருக்குத்தான் பேரன் தன் பக்கத்தை முதலில் அனுப்பினான். மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

‘என்ன ஐயா, உங்கள் ஊருக்கு வரலாறு கிடையாதா? வெறும் ஆண்டுகள்தாமா? ஒரு துரை வந்து, நைன்டீன் ட்வென்ட்டி நைன் என்கின்றான், சற்றுப் பொறுத்து நைன்டீன் ஃபார்ட்டி எய்ட் என்கின்றான், போய்விடுகின்றான்’ என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேரனுக்கு வரவில்லை. மூல நிரலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் தேடினான். பிழை அவன் எழுதிய வரி எதிலும் இல்லை. அவன் எழுதாத வரியில் இருந்தது.

அஃது எப்படி என்று விளங்க, இணையப் பக்கம் எழுதும் முறையைச் சிறிது சொல்லவேண்டும். நாம் திரையில் காணும் பக்கத்தின் பின்னே வெறும் எழுத்துகளால் ஆன மூலக்கோப்பு ஒன்று உண்டு. இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொரு பகுதியையும் கோண அடைப்புக்குள் குறிச்சொல் இட்டுக் காட்டவேண்டும். திறந்த குறிச்சொல்லைப் பெரும்பாலும் மூடவும் வேண்டும். எச்.டி.எம்.எல். என்று பெயர் பெற்ற இம்முறையை வகுத்தவர் ஆங்கிலேயராகிய டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தில் சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தபோது 1989-இல் இணைய வலைக்கான திட்டத்தை எழுதினார். 1991-இல் அவர் வெளியிட்ட முதற் பட்டியலில் இருந்த குறிச்சொற்கள் ஏறத்தாழ 18. இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டவை. சொற்களின் உரிமையாக வரும் பண்புக்கூறுகளோ அதனினும் பல. இத்தனையையும் எவர் நினைவில் வைப்பது? ஆகவே, நிரல் எழுதும் செயலிகள் துணைக்கு வருகின்றன. ஓரிரண்டு எழுத்தைத் தட்டியவுடன் எழுதக்கூடிய சொற்களைப் பட்டியலாக நீட்டும். ஒன்றைத் தேர்ந்தால் தானே எழுதி முடிக்கும். திறந்த குறியைத் தானே மூடும். பிள்ளைகள் இதனை ‘ஆட்டோ கம்ப்ளீட்’ என்கின்றனர். நாம் நிரல் நிறைவு என்போம்.

பேரன் வெற்றுக் கோப்பில் ஒரே ஒரு வியப்புக்குறியை இட்டு டேப் விசையை அழுத்தினான். பத்து வரிகள் வந்து நின்றன. அவற்றுள் இரண்டாம் வரி, இப்பக்கத்தின் மொழி இன்னது என்று அறிவிக்கும் வரி. அதில் மொழியின் பெயர் ‘ஈ, என்’ என்ற இரண்டெழுத்து, அதாவது ஆங்கிலம். புலவரின் கருவி அவ்வறிவிப்பை நம்பியது. ஆங்கிலக் குரலை அழைத்தது. அக்குரலுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. தெரிந்த எண்களை மட்டும் படித்துவிட்டு, நான் சொல்லி அவன் எழுதிய தமிழ் அனைத்தையும் வாய்திறவாமல் தாண்டிச் சென்றது.

‘அந்த வரி எப்போதும் வருவதுதான், தாத்தா. அதை யாரும் படிப்பதில்லை’ என்றான் பேரன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் ஆதலால், இவ்வொரு வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. பிறர் முடிக்காமல் விட்டதை முடித்து எழுதுவது நமக்குப் புதிய தொழில் அன்று. நம் எழுத்தின் வரலாறே அதனோடு பிணைந்தது. ஆனால், முடித்து எழுதியதைப் படிக்காமல் விட்டது எந்நாளில்?

ஏட்டுச்சுவடிக் காலத்தை எண்ணிப் பாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் விதித்திருக்கின்றது. எகர ஒகரக் குறில்களுக்கும் அங்கே புள்ளி உண்டு. எனினும், எழுத்தாணியால் பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுவோர் அதனை விட்டனர். கல்லிலும் பெரும்பாலும் விட்டே வெட்டினர். கொடு என்றாலும் கோடு என்றாலும் ஏட்டில் ஒரே வடிவம். காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். ‘பாடம்’ என்னும் சொல் ‘பரடம’ என்று தோன்றும். எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவில் காட்டும் சீர்திருத்தம் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவர் 18-ஆம் நூற்றாண்டினர். அதற்கு முன்னெல்லாம் எழுதினவன் பாதி எழுதினான். படித்தவன் மீதியை எழுதிக்கொண்டான் என்றே சொல்லலாம். அன்றைய நிறைவுக் கருவி படிப்போனுடைய இலக்கண அறிவு. இடமறிந்து, பொருளறிந்து புள்ளியை மனத்தால் இட்டாலன்றி ஒரு வரியும் நகராது.

புள்ளி போனால் மனத்தால் இடலாம். சொல்லே போனால்? செல்லரித்த ஏடுகளிலிருந்து சங்க நூல்களை மீட்ட உ.வே. சாமிநாதையர் முன் நின்ற வினா இதுவே. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1889-இல் பத்துப்பாட்டையும் வெளியிட்டபின், 1894-இல் அவர் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இறுதிப் பகுதியில் பல பாடல்கள் இடையிடையே சிதைந்திருந்தன. அவருடைய புலமைக்கு, அந்த இடங்களில் ஓசையும் பொருளும் பொருந்த இரண்டு சீர்களைக் கட்டி வைப்பது அரிய செயலா? வைத்திருந்தால் இன்று நம்மில் எவர் கண்டுபிடிப்பார்? அவர் வைக்கவில்லை. போன சொற்கள் இருந்த இடத்தில் புள்ளிகளை அச்சிட்டார். அந்தப் புள்ளி வரிசைகளை நான் பள்ளி மாணவனாக முதன்முதல் பார்த்தபோது அச்சுப் பிழை என்று எண்ணினேன். அவற்றைக் காட்டிலும் நேர்மையான அச்சு தமிழில் இல்லை என்று பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

கல்வெட்டாய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக 1886-இல் அமர்ந்தவர் ஹூல்ஷ் என்னும் செருமானிய அறிஞர். அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வந்தது. இத்துறையில் வேரூன்றிய ஒரு வழக்கத்தை நீங்கள் அறியவேண்டும். தேய்ந்து ஐயத்துக்கு இடமான எழுத்தைப் பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இடுவார். கல்லில் இல்லாத எழுத்தைத் தாமே சேர்த்தால் அடைப்புக்குள் விண்மீன் குறி ஒன்றும் இடுவார். கல் சொன்னது எவ்வளவு, தாம் சொன்னது எவ்வளவு என்று படிப்போருக்கு ஒளிவின்றிக் காட்டிவிடுவார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் தொகுப்பில் மட்டும் 1130 கல்வெட்டுகள் உள்ளன. நிலக்கொடையின் எல்லை, வரி நீக்கம், விளக்குக்கு விட்ட ஆடு என்பவை அவற்றின் பொருள். ஓர் எண்ணின் ஓரெழுத்தைப் பதிப்பாசிரியர் தம் மனம்போல் முடித்தால் மாவின் கணக்கும் காசின் கணக்கும் மாறிவிடும். அடைப்புக்குறி வீண் ஆரவாரம் அன்று.

இனி, இயந்திரத்துக்கு வருவோம். கணிப்பொறியில் தமிழ் அடிப்போருக்கு நன்கு பழகிய தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியதை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். இதில் ஓர் அருமை உண்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’ என்றாகிவிடும். மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. ங-வும் க-வும், ஞ-வும் ச-வும், ண-வும் ட-வும் என அடுத்தடுத்து வந்தால் முன்னது புள்ளி பெறும். இன எழுத்து என்று நாம் இலக்கணத்தில் நெட்டுருப்போட்டது இயந்திரத்துக்குள் ஏறிவிட்டது. ஓலையில் எழுதியவன் இடாத புள்ளியை, பல நூற்றாண்டு கழித்து ஒரு விசைப்பலகை தானே இடுகின்றது! தமிழாசிரியர்கள் இதற்காகச் சற்றே மகிழ்ந்துகொள்ளலாம்.

இந்த நிறைவு ஏன் நம்பத்தக்கது? விதி வெளிப்படையானது. அடிப்பவன் அவ்விதியை அறிவான். புள்ளி விழுவது அவன் கண்முன்னே, அந்தக் கணத்திலேயே. தவறினால் மாற்றவும் வழி உண்டு. ‘மமதை’ என்னும் சொல்லில் இரண்டு மகரம் இருந்தும் புள்ளி கூடாது. ஆகவே இடையில் அகரத்தை அடித்துத் தடுக்கவேண்டும். மமதை வரும் இடத்தில் மட்டும் இயந்திரத்தின் உதவி நமக்கு ஆகாது போலும்!

மேலை நாட்டில் கணிப்பொறியாளர் இவ்வுதவியைத் தேடியது முதலில் கட்டளைகளுக்காக. அமெரிக்காவில் போல்ட், பெரானக், நியூமன் நிறுவனத்தார் டெனக்ஸ் என்னும் இயக்க முறைமையை அமைத்தனர். கட்டளையின் முதல் சில எழுத்தை அடித்து எஸ்கேப் விசையை அழுத்தினால் டெனக்ஸ் மீதியைத் தானே நிரப்பும். 1972-இல் வந்த கட்டுரையில் இதன் அமைப்பை விளக்கிய நால்வருள் ஒருவர் ரே டாம்லின்சன். மின்னஞ்சல் முகவரியின் நடுவே சுழித்த குறியை வைத்தவரும் அவரே. 1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விஷுவல் பேசிக் செயலியில் இன்டெலிசென்ஸ் என்ற பெயரில் சொற்பட்டியல் நீட்டும் வசதியைச் சேர்த்தது. அதன்பின் இவ்வசதி இல்லாத செயலியை நிரலாளர் தொடுவதே அரிதாயிற்று. இணையப் பக்கத்துக்கென்றே சுருக்கெழுத்து முறையும் பிறந்தது. முதலில் சென் கோடிங் என்றும் பின்னர் எம்மெட் என்றும் பெயர் பெற்ற அதில், பட்டியலின் குறியையும் உருப்படியின் குறியையும் எழுதிப் பெருக்கற்குறியும் ஐந்தும் இட்டால், ஐந்து உருப்படி கொண்ட பட்டியல் முழுதாய் விரியும். 2021 சூனில் கிட்ஹப் நிறுவனம் கோபைலட்டை அறிமுகப்படுத்தியது. இது பட்டியலைப் பார்த்து முடிப்பது அன்று. பிறர் எழுதிய பெருந்தொகையான நிரலில் பழகி, அடுத்து வரக்கூடியது இதுவே என்று முழு வரிகளையும் கணித்து எழுதுவது.

இதில் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெர்னர்ஸ்-லீ 1990-இல் ஆக்கிய முதல் உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தி எழுதவும் வசதி இருந்தது. மூலக் குறிச்சொற்களை மக்கள் கையால் எழுதுவர் என்று அவர் கருதியவர் அல்லர். பின்வந்த உலாவிகள் படிக்கும் வசதியை வைத்துக்கொண்டு எழுதும் வசதியைக் கைவிட்டன. கையெழுத்து வேலை மனிதர்பால் வந்தது. மனிதர் அதனைத் திரும்பவும் கருவியிடம் ஒப்படைத்தனர்.

ஒப்படைத்ததில் குற்றம் இல்லை. பேரன் பெற்ற அந்தப் பத்து வரிகளுள் வேறொன்றையும் காட்டவேண்டும். இல்லையேல் நான் ஒருபக்கம் பேசியவன் ஆவேன். பக்கத்தின் எழுத்துகள் யூனிகோடைச் சார்ந்த யு.டி.எஃப்.-8 முறையில் அமைந்தவை என்று ஒரு வரி அறிவிக்கின்றது. யூனிகோடில் 1991-இன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இருந்தும், 1990-களில் தமிழ்ப் பக்கங்கள் ஆளுக்கொரு குறியீட்டில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திருக்குறளும் புரியாத கிறுக்கலாகவே வந்து நிற்கும். அந்த இன்னலைக் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றனர். பேரன் அறியாமலே பெற்ற அவ்வரி அவனுடைய தமிழைக் கண்ணுக்குக் காத்தது. மற்றொரு வரி காதுக்குக் கெடுத்தது. இரண்டையும் கொடுத்தது ஒரே கருவி, ஒரே கணத்தில்.

ஏன் ஆங்கிலம்? பகை ஒன்றும் இல்லை. செய்தவர்களுக்கு வழக்கமானது அது. ஆகவே வெறுமையாய் இருந்த இடத்தில் தங்கள் வழக்கத்தை வைத்தனர். எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு 1997 திசம்பரில் வந்தபோது, பக்கத்தின் மொழியை அறிவிக்கும் பண்புக்கூறு அதில் இடம்பெற்றது. மொழிகளுக்கு இரண்டெழுத்துக் குறி வகுத்த ஐ.எஸ்.ஓ. 639 தரத்தில் தமிழுக்கு ‘டி, ஏ’ என்று முன்னரே இடம் உண்டு. கதவு நமக்குத் திறந்துதான் இருந்தது. பெயரை எழுதவேண்டியவர் நாம்.

பதிப்பாசிரியர் தாம் சேர்த்த எழுத்தை அடைப்புக்குள் நிறுத்தினார் என்றேன் அல்லவா? நிரல் நிறைவு அவ்வாறு எந்த அடையாளமும் விடுவதில்லை. ஏற்றுக்கொண்ட அந்தக் கணமே கருவியின் சொல்லும் எழுதுவோன் சொல்லும் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் கலந்துவிடுகின்றன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எது யார் எழுதியது என்று எழுதினவனுக்கே தெரியாது. மூடும் குறி போன்றவற்றில் இதனால் இடர் இல்லை. விதி ஒன்றே, முடிவும் ஒன்றே. ஆனால் பொருள் கொள்ளும் இடத்தில், அதாவது ‘இது என்ன மொழி’ என்பது போன்ற வினா எழும் இடத்தில், கருவி தருவது விடை அன்று, பிறரது வழக்கம். இலக்கணப் பிழையேனும் இருந்தால் செயலி சிவப்புக் கோடிட்டுக் காட்டும். ‘ஈ, என்’ என்பதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆகவே கோடும் இல்லை. தமிழ் படித்த கண் ஒன்று வந்து படித்தாலன்றி அது வெளிப்படாது. எங்கள் வீட்டிலோ, கண்ணிழந்தவரின் காதுதான் அதனைக் கண்டுபிடித்தது.

பேரன் இரண்டெழுத்தை மாற்றினான். அதோடு நில்லாமல், தன் செயலியின் அமைப்பிலேயே இனி ‘டி, ஏ’ என்றே வருமாறு மாற்றிக்கொண்டான். அதற்கும் வழி இருந்திருக்கின்றது. மாலையில் புலவர் மீண்டும் அழைத்தார். இப்போது தமிழ்க் குரல் பேசுகின்றது என்றும், வல்லத்திராக்கோட்டை என்ற பெயரைத் தடுக்கி விழாமல் சொல்லிவிட்டது என்றும், சமஸ்தான இணைப்புப் பற்றி நான் எழுதச்செய்த வாக்கியம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: ‘நடுவில் படம் ஒன்று இருப்பதாகப் பையன் சொன்னானே, அதைப் பற்றிக் குரல் ஒன்றும் சொல்லவில்லையே?’

மீண்டும் மூல நிரலைத் திறந்தோம். படத்துக்கு உரிய குறிச்சொல்லையும் கருவியே முடித்துத் தந்திருந்தது. படம் காண இயலாதவருக்கு அதனைச் சொல்லால் உணர்த்தும் ‘ஆல்ட்’ என்னும் பண்புக்கூறு அதில் முறையாக இருந்தது. அதன் மேற்கோட்குறிகள் இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. வெறுமையாய் விட்டால், இப்படம் வெறும் அலங்காரம், விட்டுச் செல்க என்று திரைவாசிப்பானுக்குப் பொருள். அவ்விடத்தை எந்தப் பட்டியலும் நிரப்பித் தரவில்லை.

‘தாத்தா, இங்கே என்ன எழுதுவது? திருவரங்குளம் கோயில் என்று மட்டும் எழுதலாமா?’

புலவர் பார்வை நன்றாக இருந்த நாளில் என்னோடு அக்கோயிலுக்குப் பலமுறை வந்தவர். சுவர்க் கல்வெட்டுகளை விரலால் தடவித் தடவி எனக்குப் படித்துக் காட்டியவர். கோயில் என்ற பெயரை அவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. படத்தில் எந்தச் சுவர், வெயில் எப்பக்கம் விழுந்திருக்கின்றது, கல்லில் எழுத்து தெரிகின்றதா என்பதையே அவர் கேட்க விரும்புவார். பேரன் படத்தைப் பெரிதாக்கினான். இருவரும் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்தளத்தின் மேல் இரண்டு வரி எழுத்து தெரிந்தது. மூன்றாம் வரி எழுத்தா, கல்லின் தேய்வா என்று துணிய முடியவில்லை.

‘அப்படியே எழுது’ என்றேன்.